மூச்சை அடக்கியும் விழிக்காத இடப்பக்கம்

பூங்கொடி,

இதெல்லாம் இப்படித்தான் ஆகும் என்று நான் எப்போதோ சொல்லிவிட்டேன். தலைக்குள் ரத்தக் குழாய் செய்கிற தில்லுமுல்லைப் பற்றி நீ வருஷக் கணக்கில் படித்து, வெள்ளைக்காரர்கள் முன்னால் நின்று பேசி, பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து வாங்கினாய். அதையே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட உன் சித்தப்பன், ஜவ்வாது மலையில் ஒரு தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, கையில் ஸ்பேனரோடு நின்று முன்னாலேயே சொன்னான். சாட்சிக்கு உன் சித்தியைக் கேள். அவள் இல்லை என்பாள். நான் சொன்ன எதைத்தான் அவள் ஆமாம் என்றிருக்கிறாள்?

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். வலிப்பு வராமல் இருக்க நீங்கள் கொடுத்த மாத்திரை ஆளை அசத்திப் போடுகிறது. நாலு வரி எழுதினால் கண் சொக்குகிறது. ஒரு காலத்தில் தொட்டியின் நாற்பது படியை ஒரே மூச்சில் ஏறி இறங்கினவன், இப்போது அந்தப் படிகளைக் கீழே நின்று பார்த்தே களைத்துப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் பேசிக்கொண்டே போவேன், நீயும் சிரித்துக்கொண்டே கேட்பாய், சொல்ல வேண்டியது நடுவில் எங்கேயாவது கழன்று விழுந்துவிடும். எழுதினால் அடித்து எழுதலாம். நாலு தாளை ஏற்கெனவே கிழித்துப் போட்டுவிட்டேன். திங்கட்கிழமை பெரிய டாக்டர்கள் கூடி முடிவு செய்வதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும். அதனால் தபாலை நம்பாமல் போளூர் பஸ்ஸில் நாளைக்குப் பட்டணம் கிளம்புகிற நம் வாத்தியார் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் என் வரிசையில் ஒருமுறை சொல்லவிடு. அன்று காலையில் மேல்தெருவுக்குத் தண்ணீர் விட வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன். வலது கை என்னைக் கேட்காமலே துள்ளியது. பிடித்த மீன் மாதிரி. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன் என்றுதான் ஊரில் எல்லாரிடமும் சொன்னேன். சிரிக்கவில்லை, கத்தினேன். அப்புறம் தரையில் கிடந்தேன். மலை ஆஸ்பத்திரியிலிருந்து போளூர், போளூரிலிருந்து பட்டணத்தில் நீ வேலை செய்கிற ஆஸ்பத்திரி. படம் எடுத்துப் பார்த்தபோது தலையின் இடது பக்கத்தில், முன்னால், நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. கூடவே கழுத்தில் இடது பக்கம் ரத்தம் ஏறுகிற பெரிய குழாய் பாதிக்கு மேல் அடைத்துக் கிடக்கிறது என்றார்கள். நான் அசரவில்லை. ஒரு உடம்பில் இரண்டு வியாதி வைத்திருக்கிற மலைக்காரன் நான் ஒருத்தன்தான் என்று பக்கத்துப் படுக்கைக்காரனிடம் சொன்னேன். அவனுக்கு மூன்று இருந்தது.

கட்டியை எடுத்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். நல்ல மனுஷன், என் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார். ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பேச்சு உண்டாகிற இடம் அந்தப் பக்கத்தில்தான் இருக்குமாம். கத்தி கொஞ்சம் தள்ளிப் போனால் உயிர் இருக்கும், கை கால் இருக்கும், பேச்சு இருக்காது. அதைக் கேட்டதும் உன் சித்தி என்ன சொன்னாள் என்று நினைவிருக்கிறதா? "ஆளு முழுசா வந்தா போதும் டாக்டர். பேச்சு பாதி கொறஞ்சா ஊரே உங்களுக்கு மால போடும்." டாக்டர்கூடச் சிரித்துவிட்டார். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவுகிற மாதிரி அவள் நின்ற நேரத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பேச்சைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது, சொல். நிலம் இரண்டு துண்டு, அதில் சாமை விதைத்தால் பாதி பன்றிக்கு. பஞ்சாயத்துத் தொட்டிக்கு ஆபரேட்டர் வேலை. உன் அப்பன் போனபோது நாலு வயசுப் பெண்ணான உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவன், உன்னை அழவிடாமல் வைத்ததே பேச்சால்தான். காவலூர் தொலைநோக்கியில் நான் ஒரு நட்சத்திரத்துக்கு உன் பேரை வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று உன்னிடம் அளந்ததும் அப்போதுதான். நீ பள்ளிக்கூடத்தில் போய் அதைச் சொல்லி அடி வாங்கினாய். வாத்தியாரிடம் சண்டைக்குப் போன நான், அங்கேயும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். ஊரில் எவனும் என்னை உன் சித்தப்பன் என்று சொல்வதில்லை, பூங்கொடி அப்பா என்றுதான் சொல்வார்கள். அந்தப் பேரையும் நான் வாயால்தான் சம்பாதித்தேன்.

அப்புறம் அந்தக் குகை மாதிரி ஸ்கேன் மெஷின். பேச்சு எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெட்டாமலே பார்த்துவிடும் என்றாய். ஒரு எழுத்தைக் காட்டுவோம், அந்த எழுத்தில் ஆரம்பிக்கிற சொற்களை வாய் திறக்காமல், தலையை ஆட்டாமல், மனசுக்குள் சொல்லிக்கொண்டே போக வேண்டும், நடுவில் நிறுத்தச் சொன்னால் சும்மா இருக்க வேண்டும் என்று அதை ஓட்டுகிற பையன்கள் விளக்கினார்கள். எனக்கு இதெல்லாம் ஒரு பரீட்சையா? வெளியே வந்ததும் நான் சொன்னதை அந்த வராந்தாவே கேட்டது. 'க' என்ற எழுத்துக்கு மட்டும் நாற்பது சொல், கத்தரிக்காயில் ஏறி கலெக்டரில் இறங்கினேன் என்றேன். நீ மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தப்பா, வெளாட்டு இல்ல. நெசமாவே மனசுக்குள்ள சொல்லிக்கினே இருந்தியா?" என்று கேட்டாய். "ஏம்மா, என்னப் போயி பேசலன்னு கேக்கிறியே, சூரியனப் போயி சுட்டியான்னு கேப்பியா?" என்றேன். நீ சிரித்துவிட்டாய்.

படம் வந்தது. வலது பக்கம் தீ மூட்டின மாதிரி பளிச்சென்று இருந்தது, இடது பக்கம் இருட்டு. பெரிய டாக்டருக்கு அது ஆச்சரியமாக இல்லை. "இவர் இடதுகைக்காரர். இப்படிப்பட்டவர்கள் சிலருக்குப் பேச்சு வலது பக்கம் இருப்பது உண்டு. அப்படியானால் இடது பக்கத்தில் நாம் தாராளமாக இறங்கிக் கட்டியை முழுசாக எடுக்கலாம்" என்றார். உன் சித்தி கையெடுத்துக் கும்பிட்டாள். நான் அந்த நிமிஷமே, பேச்சை வலது பக்கத்தில் ஒளித்து வைத்த கெட்டிக்காரன் என்று மார் தட்டிக்கொண்டேன். நீ மட்டும் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேன்டீனில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு நீ சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "சித்தப்பா, அந்த மெஷினு உன் மூள வேல செய்றத நேரா பாக்கல. ஒரு எடத்துல வேல நடந்தா, அங்க போற சின்னக் கொழாயிங்க விரிஞ்சி ரத்தம் கூடுதலா வரும். வேல நடந்து ரெண்டு மூணு விநாடி கழிச்சிதான் வர ஆரம்பிக்கும். அந்த ரத்தத்துல ஆக்சிஜன் ஜாஸ்தி இருக்கறதால காந்தத்துக்கு அது வேற மாதிரி தெரியும். மெஷினு பாக்கறது அந்த ரத்தத்த. மூளய இல்ல." நான் டீயை வைத்துவிட்டேன். "அப்ப கொழா கெட்டுப்போயிருந்தா?" என்று கேட்டேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். "அதத்தான் நானும் யோசிக்கறேன். ரத்தம் வடிஞ்சி போற பெரிய கொழாய்ங்க பக்கத்துல இருந்தாலும் ஏமாத்தும், வேல நடந்தது ஒரு எடம், வெளிச்சம் தெரியறது தள்ளி இன்னோர் எடம்." தெருக்கோடிச் சாக்கடையில் சோப்பு நுரை வந்தால் கடைசி வீட்டில்தான் துணி துவைக்கிறார்கள் என்று சொல்கிற மாதிரியா என்றேன். "அதேதான்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு மரியாதையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இருந்திருக்கும். நான் பேசிக்கொண்டிருந்ததில் கவனித்திருக்க மாட்டேன்.

நான் ஏன் உடனே அப்படிக் கேட்டேன் என்று உனக்குச் சொல்லவில்லை. நீ காலேஜ் விடுதியில் இருந்தபோது நடந்தது அது. மேட்டுக் குடிசைகளுக்குப் போகிற இரும்புக் குழாயில் எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்க்க ஓர் அதிகாரி மீட்டரோடு வந்தார். கடைசி வீட்டுக் கிளையில் முள் அசையவே இல்லை. "இங்க ஆள் குடியிருக்காங்களா?" என்றார். அந்த மேடு ஏறி நான் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஒவ்வொரு வீடும் எனக்கு உள்ளங்கை மாதிரி என்று ஐந்து நிமிஷம் முன்னால்தான் அவரிடம் பெருமையடித்திருந்தேன். தெரியாது என்று எப்படிச் சொல்வது? "யாரும் இல்ல சார், எறங்கிப் போய்ட்டாங்க" என்றேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன், கிளைக்கு மூடி போட்டார்கள்.

பத்து நாள் கழித்து அந்த வீட்டுச் சாலம்மா இடுப்பில் குடத்தோடு என் எதிரில் வந்து நின்றாள். "இன்னா ஆபரேட்டரே, உன் மீட்டருல ஓட்டம் இல்லன்னா எங்க வூட்ல ஆளே இல்லன்னு அர்த்தமா? அஞ்சி பேரு இருக்கறோம். கொழாயத் தெறந்து தெறந்து பாத்துக்கினு தாகத்தோட இருக்கறோம்" என்றாள். அந்தக் குழாயை அறுத்துப் பார்த்தேன். உள்ளே சுண்ணாம்பு கட்டிக் கட்டி, ஊசி நுழைகிற ஓட்டைதான் மிச்சம். வீட்டில் ஆள் இருந்தார்கள், தேவை இருந்தது, குழாயால்தான் கொடுக்க முடியவில்லை. நான் முன்னாலேயே சொன்னேன் என்று ஆரம்பத்தில் எழுதினேனே, அது இதைத்தான். வாக்கியம் சாலம்மாவுடையது. ஆனால் அவளை அதைச் சொல்ல வைத்தவன் நான்தானே?

உனக்குச் சொல்ல நினைக்கிற புத்திமதி ஏதாவது என்னிடம் உண்டென்றால் அது இவ்வளவுதான். மீட்டர் அசையாத வீட்டுக்கு ஒருமுறை மேடேறிப் போய்க் கதவைத் தட்டு. உனக்கு அதை நான் சொல்லவே தேவையில்லை, நீ தட்டினாய். மறுநாள் என்னை மறுபடி அந்தக் குகைக்குள் படுக்க வைத்து, வயிற்றைச் சுற்றி, மூச்சைக் கோடாக வரைகிற ஒரு பட்டையைக் கட்டி, காதில் "மூச்ச அடக்கு சித்தப்பா... இப்ப விடு" என்று நீயே சொன்னாய். மூச்சை அடக்கினால் ரத்தத்தில் கெட்ட காற்று சேர்ந்து தலை முழுக்கக் குழாய்கள் தானாக விரியும், மூளை எதையும் யோசிக்க வேண்டியதில்லை, நல்ல குழாய் இருக்கிற இடமெல்லாம் படத்தில் விழித்துக்கொள்ளும் என்றாய். நான் அடக்கினேன். கிணற்றில் முங்கி ஒரு பீடி பிடிக்கிற நேரம் இருப்பவன் நான் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அவ்வளவு நேரம் ஆகவில்லை, ஆனால் நீ சொன்ன வரைக்கும் அடக்கினேன். வலது பக்கம் முழுக்க விழித்தது. இடது பக்கம், கட்டியைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு, மூச்சை அடக்கியும் விழிக்கவில்லை. கழுத்துக் குழாய் அடைத்துக் கிடப்பதால் அங்கே இருக்கிற சின்னக் குழாய்கள் ஏற்கெனவே முழுக்க விரிந்து, இனி விரிய இடமில்லாமல் நிற்கின்றன என்று விளக்கினாய். அந்தப் பக்கம் நான் எவ்வளவு பேசினாலும் மெஷினுக்குக் காட்ட அதனிடம் ரத்தம் இல்லை.

பெரிய டாக்டர் நீ சொன்னதை மறுக்கவில்லை. "இடது பக்கத்து இருட்டை நம்ப முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வலது பக்கத்து வெளிச்சம் இருக்கிறதே? அங்கே குழாய் நன்றாக இருக்கிறது. இவர் சொல் சொல்லும்போது அந்தப் பக்கம்தான் வேலை செய்திருக்கிறது" என்றார். இரண்டு பக்கமும் இருக்கலாம் சார் என்றாய். அப்படிச் சந்தேகப்பட்டால் என்னை விழித்திருக்க வைத்து, பேச வைத்துக்கொண்டே அறுக்க வேண்டும், அடைத்த கழுத்துக் குழாயோடு அவ்வளவு நேரம் தாங்குவாரா, பக்கவாதம் வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று அவர் கேட்டார். அதுவும் நியாயம்தான். அப்போது நீ ஒரு வார்த்தை சொன்னாய். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. "எங்க சித்தப்பா வேற எதுல வேணா கத கட்டுவார் சார். பேசச் சொன்னா பேசியிருப்பார். அந்த வெளிச்சத்தில எனக்கு சந்தேகம் இல்ல. இடது பக்கத்து இருட்டுலதான் சந்தேகம்." அதோடு, திங்கட்கிழமை எல்லாரும் கூடிப் பேசி முடிவெடுக்கலாம் என்று விட்டார்கள்.

ஊருக்குத் திரும்பி வந்ததிலிருந்து அந்த வார்த்தை என்னைத் தின்கிறது. தொட்டியடிக்குப் போகிறேன், வருகிறேன், யாராவது விசாரித்தால் பேச்சை எடுத்து வைக்கவே அலுப்பாக இருக்கிறது. என் பொய்களால் இதுவரை அதிகம் கெட்டவள் நீதான். உன்னைக் காலேஜில் சேர்க்கப் போனபோது, ஜில்லாவிலேயே முதல் மார்க் என்று அந்த மேஜைக்குப் பின்னாலிருந்த அம்மாவிடம் அளந்தேன். அந்த அம்மா மார்க் பட்டியலைப் பார்த்துவிட்டு உன்னைப் பார்த்தாள். நீ தரையைப் பார்த்தாய். உன் மார்க்கே போதுமானதாக இருந்தது, அதன் மேல் நான் பூச வேண்டிய தேவையே இல்லை. படித்தவர்கள் முன்னால் போய் நின்றால் எனக்குள்ளே ஏதோ சுருங்கிவிடுகிறது, அதை நிமிர்த்த வாய் தானாகத் திறக்கிறது. அறுபத்திரண்டு வயசாகியும் அதை என்னால் மூட முடியவில்லை.

உன் சித்தி மூன்று நாளைக்கு முன்னால் சாமைக் கஞ்சியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "இன்னாய்யா, ரெண்டு நாளா வாயே தெறக்க மாட்டேன்ற? இப்பவே பழகிக்கிறியா?" என்றாள். வழக்கமான குத்தல்தான். ஆனால் அதோடு அவள் எழுந்து போகவில்லை. "எதனா பேசுய்யா. பொய்யாவது பேசு" என்றாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதே இல்லை. அப்போதுதான் அவளிடம் முதலில் சொன்னேன். அவள் திட்டவில்லை. தாளையும் பேனாவையும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

சரி, சொல்கிறேன். அன்று முதல்முறை மெஷினுக்குள் போவதற்கு முன், கம்பிச் சட்டம் காந்தத்துக்கு ஆகாது என்று என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வாங்கி வைத்தார்கள். அது இல்லாமல் படிக்க முடியுமா என்று அந்தப் பையன் கேட்கத்தான் செய்தான். நான் தினசரி பேப்பரையே வெறுங்கண்ணால் படிப்பவன் என்றேன். உள்ளே படுத்ததும் தலைக்கு மேல் எழுத்து தெரியும் என்றார்கள். எனக்குத் தெரிந்தது வெள்ளைப் புகையில் ஒரு கறுப்புத் திட்டு. அது 'க'வா 'ச'வா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, 'க' என்று பிறகு வெளியே யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுச் சொன்னேன். ஏதாவது சங்கடம் என்றால் அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைக் கையில் கொடுத்திருந்தார்கள். நான் அமுக்கவில்லை. அமுக்கினால், பூங்கொடி மேடத்தின் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது என்று அந்தப் பையன்கள் நினைத்துக்கொள்வார்கள் என்று இருந்தது. எழுத்து தெளியும் தெளியும் என்று காத்திருந்தேன். மெஷின் தடதடவென்று அடித்தது, பழைய பஸ் மலை ஏறுகிற மாதிரி. நானும் போளூரில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொரு வளைவாக, எந்த வளைவில் எந்தப் பாறை, எங்கே பள்ளத்தாக்கு திறக்கும் என்று பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். நிறுத்தச் சொன்னபோது நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தபோது மறுபடி ஏறினேன்.

அந்த வலது பக்கத்து வெளிச்சம் எதனுடையது என்று நீதான் சொல்ல வேண்டும். மூச்சை அடக்கியது நிஜம், பட்டையின் கோட்டைப் பார்த்துக்கொள். இதைப் பெரிய டாக்டரிடம் என் பேரைச் சொல்லியே சொல், என் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எதையும் மாற்றாதே. இன்னொரு முறை படுக்கச் சொன்னால் படுக்கிறேன், எழுத்தைக் காதில் சொல்லச் சொல். விழித்திருக்க வைத்து அறுத்தாலும் சரி, அறுக்காமலே விட்டாலும் சரி, இருக்கிறதை இருக்கிறபடி பார்த்து முடிவு செய்யுங்கள். கத்தரிக்காயும் கலெக்டரும் வெளியே வந்து செருப்பைத் தேடும்போது நான் யோசித்தவை. மெஷின் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, மகளே, நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.